பழைய பிக்கப், லோடு குறைய குறைய தூக்கி அடிக்குது. நாலு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?

முட்டைவண்டி_லிங்கராஜபுரம்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல முட்டை சப்ளை பண்றேன். ஹொஸ்கோட்டே பக்கம் குடோன்ல விடியக்காலைல ஏத்திட்டு பழைய மெட்ராஸ் ரோடு புடிச்சு கே.ஆர்.புரம், பானஸ்வாடி, கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன்னு கடை கடையா எறக்கிட்டே வருவேன். வண்டி 2012 மாடல் டீசல் பிக்கப், ஒன்னேகால் டன் பாஸிங் (ஏத்த அனுமதிச்ச லோடு), முன்னாடி பின்னாடி ரெண்டும் பட்டை தான், அதாவது லீஃப் ஸ்பிரிங். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, எனக்கு முன்ன வச்சிருந்தவரு ஜல்லி சிமெண்ட் ஓட்டிட்டு இருந்தாராம். இன்ஜின் அருமையா இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல.

பிரச்சனை என்னன்னா வண்டி தூக்கி தூக்கி அடிக்குது. நம்ம ஊரு ஹம்ப் (வேகத்தடை) பத்தி உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, தெருவுக்கு நாலு இருக்கு, பாதிக்கு பெயின்ட் கூட இருக்காது, முதல் கியர்ல ஊர்ந்து ஏறினா கூட பின்னாடி டமார்னு ஒரு அடி. காங்கிரீட் போட்ட ரோட்ல ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் முதுகுத்தண்டுல தட் தட்டுனு ஏறுது. வீட்டுக்கு வந்தா இடுப்பு கழண்டு போகுது. இடுப்பு கெடக்கட்டும், முட்டை உடையுது, அது தான் வயிறு எரியுது. குடோன்ல இருந்து கே.ஆர்.புரம் வர வரைக்கும் அவ்வளவா இல்ல, கடைசி மூணு நாலு கடைக்கு போறப்ப தான் உடைசல் அதிகம், அதுவும் பின் டோர் பக்கம் அடுக்கினது, மேல் அட்டைங்க தான். ஒரு நாளைக்கு 250 அட்டை பக்கம் ஏத்துவேன்.

ஏரியா மெக்கானிக் கிட்ட காட்டினேன். கீழ குனிஞ்சு கூட பாக்கல, நாலு ஷாக்கும் போயிருச்சு மாத்திருங்கன்னு சொல்லிட்டாரு. ஷாக்ல கசிவு எதுவும் என் கண்ணுக்கு தெரியல. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு போடுறேன். டயர் நாலும் பட்டன் (மேல் கட்டைங்க) தேயாம நல்லா இருக்கு, காத்து வாராவாரம் பஞ்சர் கடைல புடிச்சிடுவேன்.

டீசல்புகை:

ப்ரோ 2012 வண்டி, ஜல்லி ஓட்டினது, ஷாக் இன்னுமா உயிரோட இருக்கும். யோசிக்காம நாலையும் மாத்துங்க. ஜே.சி. ரோட்ல நல்ல கம்பெனி ஷாக்கா வாங்குங்க, டூப்ளிகேட் வேண்டாம், பில்லு கேளுங்க. கேஸ் ஷாக்கா போட்டா இன்னும் நல்லது. நான் போட்டேன், வித்தியாசம் தெரிஞ்சது.

பட்டறைக்காரன்:

டீசல்புகை தம்பி கோச்சுக்காதீங்க, இவரு கேட்டதுக்குள்ளயே பதில் இருக்கு, ஷாக் பக்கம் போறதுக்கு முன்னாடி அத கொஞ்சம் படிங்க. நான் ஸ்பிரிங் பட்டறைல ரொம்ப வருஷம் வேலை பாத்தவன், அந்த பழக்கத்துல சொல்றேன்.

ஷாக் செத்த வண்டி எப்படி போகும்? லோடு இருக்கும்போது தான் அதோட குணம் தெரியும். ஒரு பள்ளத்துல எறங்கினா மறுபடி மறுபடி ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு ஹம்ப் தாண்டினா அடுத்த ஹம்ப் வர வரைக்கும் ஊஞ்சல். இவருக்கு நேர் எதிர். லோடு இருந்தா தேவலாம், காலியாக காலியாக மோசம், அதுவும் ஆட்டம் இல்ல, ஒரே அடி. இது ஸ்பிரிங் வேலையே செய்யாம கட்டையா நிக்குதுன்னு அர்த்தம்.

கணக்கு போட்டு பாருங்க முட்டைவண்டி தம்பி. முட்டை ஒன்னு 50, 55 கிராம், அட்டைக்கு 30, அட்டையோட சேத்து ஒன்னே முக்கால் கிலோன்னு வைங்க. 250 அட்டை ஏத்தினாலும் 440 கிலோவ தாண்டாது. உங்க வண்டி பட்டை 1250 கிலோவுக்கு செஞ்சது. அதாவது குடோன்ல கெளம்பும்போதே மூணுல ஒரு பங்கு லோடு தான், காக்ஸ் டவுன் வரும்போது உள்ள ஆள் ஏறின வெயிட் கூட இருக்காது. கம்பெனி போட்ட பட்டையா இருந்தாலே காலில கொஞ்சம் அடிக்கும், இதுல முன்னாடி இருந்தவரு ஜல்லி ஓட்டினவரு வேற. ஜல்லி ஓட்டினவங்க பாதிப் பேரு பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை ஏத்தாம இருக்க மாட்டாங்க. அது தான் என் முதல் சந்தேகம்.

மேல் அட்டை உடையுதுன்னு சொன்னீங்க இல்ல, அதுவும் இதையே தான் காட்டுது. பாடி சடக்குனு மேல எகிறும்போது மேல் அட்டை காத்துல எழும்பி திரும்ப வந்து விழுது. பின் டோர் பக்கம் ஆக்ஸிலுக்கும் பின்னால தொங்குற இடம், எகிறல் அங்க தான் ஜாஸ்தி.

இதெல்லாம் காசு இல்லாம நீங்களே பாக்கலாம். வண்டிய சமமான எடத்துல காலியா நிறுத்துங்க. பின் பட்டைய சைடுல இருந்து எண்ணுங்க, அதே மாடல் அதே பாஸிங் வேற வண்டி ஸ்டாண்டுல நிக்கும், அதையும் எண்ணுங்க. உங்களுதுல ஒன்னு ரெண்டு தடிமன் வேறயா, கலர் வேறயா இருக்கான்னு பாருங்க. அடுத்து பட்டையோட பின் முனைல தொங்குற ஷேக்கிள், பட்டைய சேஸோட சேக்கற ஆடுற இணைப்பு. பட்டை அமுங்கும்போது நீளும், நீளுற அளவுக்கு ஷேக்கிள் பின்னால போகணும். அந்த ஷேக்கிள மாட்டி இருக்கற ஆணி (பின்) துரு புடிச்சு இறுகிப் போச்சுன்னா பட்டை நீள வழி இல்ல, கம்பிய ரெண்டு பக்கமும் ஆணி அடிச்ச கணக்கா வெறைச்சு நிக்கும். இதுவும் தூக்கி அடிக்கும், இத யாரும் பாக்கறதே இல்ல. கிரீஸ் நிப்பிள் இருந்தா கிரீஸ் அடிச்சு பழைய கிரீஸ் வெளிய பிதுங்குதான்னு பாருங்க, பிதுங்கலன்னா வழி அடைச்சிருக்கு.

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல துரு தூளா கொட்டுதான்னும் பாருங்க. பட்டைங்க ஒன்னு மேல ஒன்னு வழுக்கணும், துரு புடிச்சா எல்லாம் சேந்து ஒரே இரும்புத் துண்டு ஆயிரும். அப்புறம் சின்ன ஜாயின்ட்டு சின்ன கல்லு எல்லாமே நேரா சேஸுக்கு போகும்.

கடைசியா ஷாக். காலியா நிக்கும்போது ஷாக் எவ்வளவு நீண்டு இருக்குன்னு பாருங்க. எக்ஸ்ட்ரா பட்டை போட்டு பின்பக்கம் ஒசந்து போச்சுன்னா ஷாக் முழுசா நீண்டு முட்டுல நிக்கும், ஒவ்வொரு ஹம்ப் தாண்டும்போதும் டங்குனு இழுபடும். அந்த நிலைமைல புது ஷாக் போட்டா அதுவும் சீக்கிரம் செத்துரும்.

பின்குறிப்பு: பாக்கறேன்னு ஜாக்கி மட்டும் போட்டுட்டு அடில படுக்காதீங்க. ஸ்டாண்டு வைங்க, வீலுக்கு கட்டை போடுங்க.

கேஜிஎஃப்_பையன்:

முட்டை வண்டி தூக்கி அடிக்குதுன்னா கடைசி கடைக்காரருக்கு ஆம்லெட்டா குடுத்துருங்க ண்ணா 😄 சும்மா. சீரியஸா கேக்கறேன், அந்த ஏர் பேக்னு ஒன்னு விக்கிறாங்களே, பட்டை மேல ரப்பர் பலூன் மாதிரி, அது போட்டா மெத்துன்னு ஆகாதா?

பட்டறைக்காரன்:

ஆகாது தம்பி. அது லோடு ஏத்தினா பின்பக்கம் உக்காந்து போற வண்டிக்கு. இருக்கற ஸ்பிரிங்குக்கு துணையா இன்னொரு ஸ்பிரிங் சேக்கறது, இருக்கற கட்டைத்தனத்த அது குறைக்காது. இவருக்கு ஏற்கனவே ஸ்பிரிங் அதிகம்.

தண்ணிகேன்_அக்கா:

எல்லாரும் பட்டை ஷாக்னு போறீங்க, டயர விட்டுட்டீங்க. நாங்க 20 லிட்டர் கேன் போடுறோம், நாலு பிக்கப் ஓடுது, டிரைவருங்க வண்டி அடிக்குதுன்னு வந்து நின்னா நான் முதல்ல கேக்கறது காத்து எவ்வளவுன்னு தான். பெரும்பாலும் அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

தம்பி, வாராவாரம் காத்து புடிக்கிறேன்னு சொன்னீங்களே, எவ்வளவு புடிக்கிறீங்கன்னு சொல்லலையே? பஞ்சர் கடைக்காரர் கிட்ட விட்டா லோடு வண்டின்னு பாத்ததும் கண்ண மூடிட்டு நாலுக்கும் 75, 80 பிஎஸ்ஐன்னு ஏத்திருவாரு. கதவைத் திறந்தா பில்லர்ல ஸ்டிக்கர் இருக்கும், முன்னாடிக்கு வேற, பின்னாடிக்கு வேற, சில வண்டில லோடுக்கு ஒரு அளவு காலிக்கு ஒரு அளவுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. பின் டயருக்குன்னு போட்டிருக்கற பெரிய நம்பரு ஃபுல் லோடுக்கு. உங்களுக்கு ஃபுல் லோடே கெடையாது, அப்ப காலிக்கு போட்ட அளவுல இருந்து கொஞ்சம் மேல வச்சா போதும். அதுக்கு கீழ மட்டும் எறங்காதீங்க, டயர் சைடு மடங்கி சூடாகி வெடிக்கும்.

காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் சில்லுனு இருக்கும்போது பாக்கணும். டின் ஃபேக்டரி டிராஃபிக்ல ஒரு மணி நேரம் உருட்டிட்டு பங்க்ல போய் பாத்தா அஞ்சு பிஎஸ்ஐ வரைக்கும் கூடவே காட்டும், அத நம்பி எறக்கினா மறுநாள் காலைல கம்மியா இருக்கும். சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வண்டிலயே போட்டு வைங்க, பங்க்ல இருக்கறது ஒன்னுக்கொன்னு ஒத்தே போகாது.

பட்டன் நல்லா இருக்குன்னு சொல்றீங்க, வயசு என்ன? டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2416னா 2016ல 24வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் காஞ்சு கல்லாயிருச்சுன்னா சவாரி கல்லு மாதிரி தான். இன்னொன்னு, நைலான் டயரா ரேடியலா? நைலானா இருந்தா ராத்திரி பூரா நிறுத்தி வச்ச எடத்துல ஒரு பக்கம் தட்டையாகி காலைல முதல் கொஞ்ச தூரம் தட் தட்டுனு ஓடிட்டு சூடானதும் சரியாகும். அத போய் பட்டை பிரச்சனைன்னு நெனச்சு செலவு பண்ணவங்க இருக்காங்க.

கையால டயர தடவிப் பாருங்க. திட்டு திட்டா மேடு பள்ளமா தேஞ்சிருந்தா ஷாக் வீக். ஒரு பக்க ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட்.

முட்டைவண்டி_லிங்கராஜபுரம்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். வரிசையா சொல்ல வரல, பாத்தபடி சொல்றேன்.

அக்கா சொன்னது தான் முதல் அடி. காலைல கேஜ் வச்சா முன்னாடி 60, பின்னாடி 80. ஸ்டிக்கர் பாதி சுரண்டி இருந்தாலும் நம்பர் படிக்க முடிஞ்சது, முன்னாடி 40, பின்னாடி ஃபுல் லோடுக்கே 65 தான், காலிக்கு 45. எறக்கிட்டேன், இப்ப முன்னாடி 40 பின்னாடி 50. டயர் ரேடியல் தான், ஆனா பின் ரெண்டும் 2017. முன் டயர் பரவால்ல.

பட்டை எண்ணினேன். ஸ்டாண்டுல நம்ம பய ஒருத்தன் இதே வண்டி வச்சிருக்கான், அவனுக்கு பின்னாடி 7, எனக்கு 9! அதுல ரெண்டு தடியா வேற இருக்கு, பெயின்ட்டு இல்ல, பட்டறைல வெட்டிப் போட்ட மாதிரி முனை நெளிஞ்சு கெடக்கு. முன்னாடி ரெண்டு வண்டிக்கும் ஒரே கணக்கு. பின் ஷேக்கிள் வலது பக்கம் நிப்பிளே காணோம், ஓட்டைல மண்ணு. இடது பக்கம் கிரீஸ் அடிச்சா உள்ள போகவே மாட்டேங்குது. பட்டை நடுவுல ஸ்க்ரூடிரைவர் விட்டு சுரண்டினா செவப்பு தூளா கொட்டுது.

பின் ஷாக் ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியே முழுசா நீண்டு நிக்குது. ஆக்ஸிலுக்கும் மேல ரப்பர் பஃபருக்கும் நடுவுல நம்ம பய வண்டிய விட நல்லா கேப் இருக்கு.

காத்து எறக்கினதுக்கே இன்னிக்கி முன்னாடி பக்கம் நல்லா வித்தியாசம் தெரியுது, ஸ்டியரிங்ல கை அதிரல. பின்னாடி இன்னும் அடிக்குது ஆனா முன்ன மாதிரி இல்ல. இப்ப அந்த ரெண்டு பட்டைய கழட்டிரலாமா? மெக்கானிக் கிட்ட சொன்னா பட்டைய கழட்டினா வண்டி படுத்துரும், வேண்டாம்னு பயமுறுத்துறாரு.

டீசல்புகை:

9 பட்டையா 😳 சரி நான் வாபஸ். ஆனா ஒன்னு, ரெண்டோட நிறுத்தாதீங்க, முட்டை தானே ஏத்தறீங்க, மூணு நாலு பட்டை கழட்டிட்டா காரு மாதிரி போகும்.

பட்டறைக்காரன்:

தம்பி அந்த வேலை மட்டும் வேண்டாம். கம்பெனி போட்ட கணக்குக்கு கீழ போகவே கூடாது. பட்டை லோடு தாங்கறதோட விடல, பின் ஆக்ஸில முன்னபின்ன நகராம புடிச்சு வச்சிருக்கறதும் அது தான், பிரேக் புடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கறதையும் அது தான் தாங்குது. குறைச்சா மிச்சம் இருக்கற பட்டை மேல பாரம் ஏறி மெயின் பட்டை ஒடியும். ஓடுற வண்டில மெயின் பட்டை ஒடிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லி நீங்க கேக்க வேண்டாம். அதுவும் இல்லாம 2012 வண்டி, வருஷா வருஷம் எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) காட்டணும், அங்க போய் என்ன பதில் சொல்வீங்க.

அதே மாதிரி ஏத்தறதும் தப்பு தான். நிறைய பேரு பட்டை ஏத்திட்டா பாஸிங்கும் ஏறிடுச்சுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. ஆர்சில என்ன போட்டிருக்கோ அது தான் கணக்கு. 2019ல சட்டம் மாத்தினதுக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபா ஃபைன், அதுக்கு மேல கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பட்டை தாங்கினாலும் ஹப், பேரிங், பிரேக்கு, சேஸு தாங்கணும் இல்ல.

முட்டைவண்டி தம்பி, உங்க மெக்கானிக் சொல்றது தப்பு, அந்த ரெண்டும் பின்னால சொருகினது, அத எடுத்தா வண்டி படுக்காது, கம்பெனி ஒசரத்துக்கு வரும். ஆனா ஒன்னு, மிச்சம் 7ம் பல வருஷம் ஜல்லி சுமந்தது, அதோட வளைவு எந்த நிலைமைல இருக்குன்னு பிரிச்சா தான் தெரியும். நட்டு மட்டும் லூஸ் பண்ணி ரெண்ட உருவிட்டு மூடற ஆள் கிட்ட குடுக்காதீங்க, ஸ்பிரிங் பட்டறைக்கே போங்க. செட்டு முழுசா எறக்கணும். ஒவ்வொரு பட்டையா பிரிச்சு கம்பி பிரஷ்ஷுல துரு எடுக்கணும், வெடிப்பு இருக்கான்னு பாக்கணும், முக்கியமா நடு ஓட்டைய சுத்தியும் கண்ணு (பட்டை முனைல சுருட்டி இருக்கற வளையம்) பக்கமும். வளைவு எறங்கி இருந்தா தட்டி ஏத்துவாங்க, ஆனா அது கொஞ்ச நாள் தான் நிக்கும், கைல காசு இருந்தா அந்த பட்டைய மட்டும் புதுசு போடுங்க. அடுக்கும்போது நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்க. சாதா கிரீஸ் போட்டா மண்ண இழுத்து வச்சுக்கும், கொஞ்ச நாள்ல உப்புத்தாள் கணக்கா அரைக்கும்.

பட்டைங்கள நடுவுல கோக்கற சென்டர் போல்ட் புதுசு. பட்டை செட்ட ஆக்ஸிலோட இறுக்கிப் புடிக்கிற யூ போல்ட் நாலும் புதுசு, பழச நல்லா தானே இருக்குன்னு திரும்ப மாட்ட விடாதீங்க, ஒரு தடவ இழுத்து டைட் வச்சது நீண்டிருக்கும், பட்டை எண்ணிக்கை குறைஞ்சா நீளமும் மாறும், மரை பத்தாம நட்டு அடில முட்டி டைட் ஆன மாதிரி காட்டும். ஷேக்கிள் பின், புஷ் (பின்ன சுத்தி இருக்கற உறை), நிப்பிள் எல்லாம் மாத்துங்க, அதுக்கு பெரிய காசு ஆகாது. முன் கண்ணுல ரப்பர் புஷ்ஷா இருந்தா ஒரு விஷயம். அந்த போல்ட்ட வண்டி அந்தரத்துல தொங்கும்போது ஃபுல்லா டைட் வைக்கக் கூடாது. வண்டிய கீழ எறக்கி வீல் மேல வெயிட் உக்காந்ததுக்கு அப்புறம் தான் கடைசி டைட். இல்லன்னா ரப்பர் முறுக்கின நிலைலயே புடிச்சிக்கும், சவாரியும் வெறைப்பா இருக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். பாதி பட்டறைல இத செய்ய மாட்டாங்க, பக்கத்துலயே நில்லுங்க.

ஷாக் இப்ப வாங்காதீங்க. பட்டை வேலை முடிஞ்சு மோசமான ரோட்ல ஒரு கால் மணி நேரம் ஓட்டிட்டு வந்து எறங்கி ஷாக் உடம்ப தொட்டுப் பாருங்க, சைலன்சர்ல கை படாம. வேலை செய்யற ஷாக் வெதுவெதுப்பா இருக்கும், ஆட்டத்த சூடா மாத்தறது தானே அதோட வேலை. நாலுல எது சில்லுனு இருக்கோ அது செத்தது. மாத்தினா முன் ரெண்டும், இல்லன்னா பின் ரெண்டும்னு ஜோடியா மாத்துங்க.

இன்னும் ஒன்னு மறந்துருவேன். பின் ஆக்ஸில்ல இருந்து சேஸுக்கு ஒரு சின்ன ராடு போய் ஒரு பிரேக் வால்வுல மாட்டி இருக்கான்னு பாருங்க. பின்பக்கம் எவ்வளவு அமுங்கி இருக்குன்னு வச்சு தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு எவ்வளவு விடலாம்னு முடிவு பண்ணும். வண்டி ஒசரம் மாறினா அந்த கணக்கும் மாறும். முன்னாடி இருந்தவரு 9 பட்டைக்கு தகுந்த மாதிரி ராட திருகி வச்சிருந்தா, இப்ப ஒசரம் குறைஞ்சதும் வால்வு லோடு இருக்குன்னு நெனச்சு பின்னாடிக்கு பிரேக் அதிகமா விடும், மழைல பின் வீல் லாக் ஆகி வண்டி சைடு வாங்கும். அத கம்பெனி அளவுக்கு செட் பண்ணச் சொல்லுங்க. ஹெட்லைட்டும் கொஞ்சம் ஒசந்து அடிக்கும், அதையும் பாத்துக்கங்க.

தண்ணிகேன்_அக்கா:

பட்டறைக்கார அண்ணன் சொன்னதோட ஒன்னு. வேலை முடிஞ்சதும் வாட்டர் சர்வீஸ் விட்டா அடில ஆயில் ஸ்ப்ரே பண்ணட்டுமான்னு கேப்பாங்க, பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து. வேண்டாம்னுருங்க. பட்டைக்கு நல்லது தான், புஷ் ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் ஊறி நாசமாயிரும். எங்க ஒரு டிரைவர் இத பண்ணி புது புஷ் எல்லாம் பொத பொதன்னு ஆகி வந்து நின்னான்.

அப்புறம் அடுக்குற விதம். முதல்ல எறக்கறத பின்னாடியும் கடைசில எறக்கறத முன்னாடி கேபின் ஒட்டியும் தானே வச்சிருப்பீங்க? அப்ப கடைசில மிச்சம் இருக்கறது எப்படி பின் டோர் பக்கம் வருது?

முட்டைவண்டி_லிங்கராஜபுரம்:

அது அக்கா, கடைசி கடைங்க எல்லாம் சந்துல இருக்கு, கூட வர்ற பையன் எறங்க சோம்பேறித்தனப்பட்டு ஒவ்வொரு கடைலயும் மிச்சத்த பின்னாடி இழுத்து இழுத்து வச்சிக்குவான் 🙂 இனி விடமாட்டேன். முன்னாடி தள்ளி வச்சு மேல ஒரு பழைய போர்வைய போட்டு பெல்ட் கட்டச் சொல்லிட்டேன்.

கேஜிஎஃப்_பையன்:

பையனுக்கு ஆம்லெட் கட் 😄

முட்டைவண்டி_லிங்கராஜபுரம்:

அப்டேட். வேலை முடிஞ்சது. டேனரி ரோடு பக்கம் ஒரு பட்டறைல விட்டேன், வயசானவரு, தமிழ்க்காரரு தான், செட்ட பிரிச்சதுமே என்னை கூப்ட்டு காட்டினாரு. சொருகின ரெண்டும் ஏதோ பெரிய லாரில ஒடிஞ்ச பட்டைய வெட்டிப் போட்டது. கம்பெனி ஏழுல ஒன்னுல நடு ஓட்டை பக்கத்துல முடி மாதிரி வெடிப்பு. விட்டிருந்தா என்னிக்காவது ரோட்ல படுத்திருக்கும். அந்த ஒன்னு புதுசு, மிச்சத்த சுத்தம் பண்ணி கிராஃபைட் கிரீஸ் போட்டு அடுக்கினாரு. வலது ஷேக்கிள் பின் வெளிய வரவே இல்ல, கேஸ் கட்டிங் போட்டு தான் எடுத்தாங்க, அவ்வளவு துரு. புஷ் போல்ட்ட வண்டி எறக்கினதுக்கு அப்புறம் டைட் வைங்கன்னு சொன்னேன், யாரு சொன்னான்னு கேட்டு சிரிச்சிட்டு அப்படியே பண்ணாரு. பிரேக் வால்வு ராடு இருந்தது, அண்ணன் சொன்ன மாதிரியே திருகி தான் வச்சிருந்தாங்க, அதையும் செட் பண்ணியாச்சு.

ஷாக்க தொட்டுப் பாத்தேன். முன்னாடி ரெண்டும் சூடு, பின் இடது சூடு, பின் வலது சில்லுனு இருக்கு. அதனால பின் ஜோடி மட்டும் மாத்தினேன், டீசல்புகை ப்ரோ சொன்ன கேஸ் ஷாக் போடல, கம்பெனில வர்ற சாதா தான்.

இப்ப ஹம்ப் ஏறினா பின்பக்கம் ஒரு தடவ அமுங்கி எழுந்து நின்னுக்குது. காலில போனா அடி இருக்கு, இல்லாம இல்ல, லோடு வண்டி தானே, ஆனா முதுகுல ஏறல. முட்டை உடைசல் ரொம்ப குறைஞ்சிருச்சு, உடையறது கூட பெரும்பாலும் கை தவறி தான். பின் டயர் ரெண்டும் அடுத்த மாசம் மாத்தணும்.

ஒரே ஒரு சந்தேகம். 55, 60 ஸ்பீடுல சீட்டுக்கு அடில ஒரு கிர்ருனு அதிர்வு வருது, ஆக்ஸிலேட்டர் விட்டா குறையுது. முன்னாடியும் இருந்துச்சா, அந்த அடில தெரியாம போச்சான்னு புரியல. பேலன்ஸிங்கா?

டீசல்புகை:

ஒரு ஷாக் செத்திருந்துச்சு இல்ல, பாதி மார்க் குடுங்க எனக்கு 😀

பட்டறைக்காரன்:

குடுத்தாச்சு தம்பி, பாதி இல்ல, கால்.

முட்டைவண்டி தம்பி, வீல் பேலன்ஸிங்கா இருந்தா ஆக்ஸிலேட்டர் அழுத்தினாலும் விட்டாலும் அந்த ஸ்பீடுல அதிர்வு இருக்கும். விட்டா குறையுதுன்னா கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டோட கிராஸ் (மடங்குற ஜாயின்ட்டு), இல்லன்னா அந்த ஷாஃப்ட்ட நடுவுல தாங்கற சென்டர் பேரிங். சமமான எடத்துல இன்ஜின ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு, வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை வச்சிட்டு, அடில ஷாஃப்ட்ட கைல புடிச்சு முன்னபின்ன திருகிப் பாருங்க. கிராஸ்ல டிக் டிக்குனு ஆட்டம் இருந்தா மாத்துங்க. சென்டர் பேரிங்க சுத்தி இருக்கற ரப்பர் கிழிஞ்சு தொங்குதான்னும் பாருங்க. ஷாஃப்ட் கழட்டுறதா இருந்தா முன்னாடியே சுண்ணாம்புக் கட்டில ரெண்டு பக்கமும் அடையாளம் போட்டுட்டு அதே மாதிரி மாட்டச் சொல்லுங்க, அடையாளம் மாறி மாட்டினா அதிர்வு இன்னும் ஏறும்.

யூ போல்ட் திரும்ப டைட் வச்சீங்களா? புது பட்டை செட்டு லோடுல ஓடி ஒன்னோட ஒன்னு உக்கார்ந்ததும் லூஸ் ஆகும், ஒரு 500 கிலோமீட்டர்ல கட்டாயம் ஒரு தடவ பாக்கணும். லூஸா விட்டா சென்டர் போல்ட் வெட்டிக்கும், ஆக்ஸில் நகர்ந்துரும்.

முட்டைவண்டி_லிங்கராஜபுரம்:

இன்னும் வைக்கலண்ணா. நாளைக்கு லோடு எறக்கிட்டு நேரா அந்தப் பட்டறைக்கு தான், அப்படியே கிராஸும் காட்டிடறேன்.